பள்ளிக்கூடத்துக்குள் வரும் பயம்

அரசியல் பயம் என்பது அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குள் எழுத்து மூலமான உத்தரவாக வருவது அபூர்வம். ஆண்டு விழா மேடைக்குப் பின்புறத்தில் ஊர்ப் பிரமுகர் ஒருவர் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தையாகவும், அதிகாரி ஒருவர் தொலைபேசியில் ‘உத்தரவு பின்னால் வரும், நீங்கள் முதலில் செய்துவிடுங்கள்’ என்று முடித்துக்கொள்ளும் பேச்சாகவும், ‘நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு’ என்ற சொற்களுக்கு அப்பால் ஒரு காரணமும் கூறாத மாற்றல் காகிதமாகவுமே அது வந்து சேரும். நான் 1975ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் சரித்திர உபாத்தியாயராக இந்தத் தொழிலில் நுழைந்து, 2012ஆம் வருஷம் மே மாதத்தில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். அதற்கிடையில் கோட்டையில் ஆட்சிகள் பல மாறின. கட்சிகளின் கொடிகள் மாறின. பயம் வரும் வழி மட்டும் மாறவில்லை. ஆகையால் நான் இங்கே எழுதுவதை ஒரு கட்சியின் மீது கூறும் குறையாக யாரும் கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் இராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூர் வட்டாரத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில். ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று சர்க்கார் உத்தியோகஸ்தர்களை மிரட்டுவது தமிழ்நாட்டில் வெகு காலமாக வழங்கிவரும் பேச்சு. அந்தக் காடு எதுவோ, அதிலேயே நான் போய் இறங்கினேன். அங்கே என்னோடு பணியாற்றிய உபாத்தியாயர்களில் சிலர், வேறு மாவட்டங்களில் யாருடைய கோபத்துக்கோ ஆளாகித் தண்டனையாக அனுப்பப்பட்டவர்கள் என்பதை முதல் சில மாதங்களிலேயே தெரிந்துகொண்டேன். அவர்களுள் ஒரு சாரார், எப்பொழுது திரும்பிப் போவோம் என்ற ஏக்கத்திலேயே நாட்களைக் கழித்து, வகுப்பில் கரும்பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றொரு சாரார், இனி நம்மை எங்கே அனுப்ப முடியும் என்ற துணிவினால், நான் பிற்காலத்தில் கண்ட எந்த உபாத்தியாயரையும்விட மேலாகப் பாடம் நடத்தினார்கள். ஆனால் அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்தை மற்ற ஊர் உபாத்தியாயர்களை அடைத்து வைக்கும் தண்டனைக் கூடமாகக் கருதுகிற ஒரு நிர்வாகம், அந்தப் பிள்ளைகளைப் பற்றி என்ன அபிப்பிராயம் கொண்டிருக்கிறது என்பதை அன்று நான் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

நான் சேர்ந்த அதே ஜூன் மாதம் 25ஆம் தேதி இரவு நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அப்பொழுது இருந்த மாநில அரசு அதனை எதிர்த்து நின்றபடியால், சில மாதங்கள் வரையில் வடக்கே நிகழ்ந்த கெடுபிடிகள் எங்களைத் தீண்டவில்லை. 1976ஆம் வருஷம் ஜனவரி 31ஆம் தேதி அந்த அரசு கலைக்கப்பட்டு ஜனாதிபதி ஆட்சி வந்தபிறகுதான், ஆசிரியர் அறையில் பத்திரிகையை உரக்கப் படிக்கும் வழக்கம் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒருவர் மெதுவாகப் படித்தார், அடுத்தவர் மனத்துக்குள் படித்தார், பிறகு பத்திரிகை மேஜையின் மேல் மடித்தபடியே கிடந்தது. மத்திய அரசின் இருபது அம்சத் திட்டம் பள்ளிச் சுவரில் எழுதப்பட்டது. மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் யார் யாரைப் பிடித்தார்கள் என்ற பேச்சு, கிணற்றடியில் இருவர் தனித்து நிற்கும்போது மட்டுமே நடந்தது.

அந்தச் சமயத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் குடிமைப் பாடத்தில் அடிப்படை உரிமைகளை நடத்தவேண்டிய முறை வந்தது. பேச்சுரிமை, கூடும் உரிமை, சட்டப்படியன்றி ஒருவரைச் சிறைப்படுத்தலாகாது என்பவற்றையெல்லாம் புத்தகத்தில் உள்ளபடி நான் விளக்கிக்கொண்டு வருகையில், கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, “சார், இதெல்லாம் இப்ப நமக்கு இருக்கா சார்?” என்று கேட்டான். அவனுடைய மாமன் ஒருவரைப் போலீசார் கொண்டுபோயிருந்தார்கள் என்பது வகுப்பு முழுவதற்கும் தெரியும். நாளைக்குப் பதில் சொல்வதாகக் கூறி மணி அடித்தபின், எங்கள் தலைமையாசிரியரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். பழைய ஜில்லா போர்டு காலத்திலிருந்து வேலை பார்த்தவர் அவர், அதிகம் பேசமாட்டார். அலமாரியிலிருந்து அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்து, 352 முதல் 359 வரையிலான ஷரத்துக்களைக் காட்டி, “தம்பி, இதையும் வாசிச்சுக் காட்டுங்க. உரிமையைக் கொடுத்ததும் இந்தப் புஸ்தகம்தான், அதை எப்ப நிறுத்தி வைக்கலாம்னு சொல்றதும் இதே புஸ்தகம்தான். நீங்க ஒரு வார்த்தையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பையன் கேட்டதுக்குப் பதில் கிடைக்கணும்” என்றார். மறுநாள் அவ்விதமே செய்தேன். 14, 21, 22 ஆகிய ஷரத்துக்களின்படி நீதிமன்றத்தை நாடும் உரிமை 1975 ஜூன் 27ஆம் தேதியே ஜனாதிபதியின் உத்தரவினால் நிறுத்திவைக்கப்பட்டிருந்ததைப் பிள்ளைகள் தங்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. உண்மையைச் சொல்வதற்கு வீரம் வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்; சட்டத்தைக் கடைசிப் பக்கம் வரையில் வாசிக்கும் பொறுமை வீரத்தைவிட நெடுநாள் காப்பாற்றும் என்பதை அந்த மனிதரிடம் கற்றேன்.

அதே காலத்தில் வட மாநிலங்களில் பள்ளி உபாத்தியாயர்களுக்குக் கருத்தடை ஆபரேஷனுக்கு இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று கணக்கு நிர்ணயித்து, கொண்டுவராதவர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள் என்பது பிற்பாடு நெருக்கடி நிலை அத்துமீறல்களை ஆராய்ந்த ஷா கமிஷனின் விசாரணையில் வெளியாயிற்று. வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றால், பிள்ளையைப் பள்ளிக்கு அழைக்க வந்தார் என்று மகிழ்ந்த ஜனங்கள், நம்மைப் பிடித்துப்போக வந்தார் என்று பின்கட்டு வழியாக ஓடும் நிலையை ஓர் அரசாங்கம் உண்டாக்கிவிடுமானால், அந்த ஊரில் பள்ளிக்கூடத்தின் மீதிருந்த நம்பிக்கையை மீட்க ஒரு தலைமுறை ஆகும். நெருக்கடி நிலைக் காலத்துச் செயல்களில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் நீக்கினார்கள்; ஆனால் 42வது அரசியல் சட்டத் திருத்தத்தினால் மாநிலங்களின் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோகப்பட்ட கல்வி இன்றளவும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்களின் அவஸ்தை வேறு விதமானது. பஞ்சாயத்து யூனியன் பள்ளிகளில் வேலை பார்த்தவர்கள், 1981ஆம் வருஷம் ஜூன் முதல் தேதியன்று அரசு ஊழியர்களாக ஆக்கப்படும் வரையில், யூனியன் தலைவரின் தயவை நம்பியே பிழைத்தார்கள். தலைவர் வீட்டுத் திண்ணையில் காலையில் காத்திருந்து முகம் காட்டிவிட்டுப் பள்ளிக்குப் போன உபாத்தியாயர்களை நான் அறிவேன். வீட்டில் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பக்கத்து ஊருக்கும் அறுபது மைல் தொலைவுக்கும் உள்ள வித்தியாசம் ஒருவருடைய ஒரு சொல்லில் இருக்கும்போது திண்ணையில் உட்காராமல் என்ன செய்வது? அவர்களை இழிவாகப் பேசுகிறவர்களை நான் பொறுப்பதில்லை. ஆனால் அதே திண்ணையைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு போனார்கள் என்பதுதான் விஷயம்.

இந்தத் தொழிலில் பணிநீக்கத்துக்கு அஞ்சுகிறவர்கள் குறைவு. மாற்றலுக்கு அஞ்சாதவர்கள் குறைவு. குற்றக் குறிப்பாணை வந்தால், அது ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 17 (ஏ)யாக இருந்தாலும் 17 (பி)யாக இருந்தாலும், பதில் எழுதலாம், மேல்முறையீடு உண்டு. மாற்றலுக்கு ஒன்றும் இல்லை; அது தண்டனையே அல்ல என்பது சட்டத்தின் கொள்கை. எண்பதுகளில் என் சகா ஒருவர், கணித உபாத்தியாயர், ஒரு பொதுத் தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அதிகாரியாக அனுப்பப்பட்டார். வெளியூரில் பிழைக்கப் போனவர்களின் பெயரில் ஓட்டுப் போட வந்த கூட்டத்தை, ஏஜெண்டுகள் ஆட்சேபித்ததன் பேரில் முறைப்படி விசாரித்துத் திருப்பி அனுப்பிவிட்டு, நடந்ததைத் தம்முடைய நாட்குறிப்பில் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. ஒரு மெமோகூட வரவில்லை. சில வாரம் கழித்து, அரைப் பரீட்சைக்குச் சில நாள் முன்பாக, நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு அவர் வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டார். அவர் மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்து அங்கேயும் நன்றாகவே பாடம் நடத்தினார். தண்டனையை அனுபவித்தவர்கள் எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்: மார்ச்சு மாதப் பொதுப் பரீட்சை வரையில் அந்த இடம் நிரப்பப்படவில்லை; கணிதத்தில் தவறியவர்களுள் சிலர் அத்தோடு படிப்பை நிறுத்தித் தீப்பெட்டித் தொழிலுக்கும் செங்கல் சூளைக்கும் போனார்கள். அடுத்த தேர்தலில் எங்கள் வட்டாரத்துச் சாவடிகளில் ஆட்சேபங்களை எவ்வளவு பேர் விசாரித்தார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஒருவரை மாற்றுவதனால் நூறு பேரை அடக்கலாம் என்பதை அதிகாரம் நன்றாக அறியும். பின்னர் மாற்றல்களுக்கு வந்த கலந்தாய்வு முறை இந்தக் கொடுமையை வெகுவாகக் குறைத்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் நிர்வாக மாற்றல் என்ற வாசல் இன்னும் அடைபடவில்லை.

2003ஆம் வருஷம் ஜூலை மாதம் நடந்தது யாவரும் அறிந்தது. ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் உபாத்தியாயர்களும் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நாட்களுக்குள், அவசரச் சட்டத்தின் துணைகொண்டு ஏறக்குறைய 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆகஸ்டு 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதமும், அரசு ஊழியர் நடத்தை விதிகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் 22வது விதிக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக அரசாங்கம் ஒப்புக்கொண்டதன்பேரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். அந்தப் போராட்டத்தின் நியாய அநியாயங்களைப் பற்றி என் சகாக்களுக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. பிள்ளைகளின் பாட நாட்கள் வீணாவதில் எனக்கும் சம்மதமில்லை. நான் சொல்ல வந்தது பிறகு நடந்ததைப் பற்றி. திரும்பி வந்தவர்கள் முன்னைவிட ஒழுங்காக வந்தார்கள், பதிவேடுகளை முன்னைவிட நேர்த்தியாக எழுதினார்கள். ஆசிரியர் கூட்டத்தில் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ‘இந்தப் பயிற்சி முகாமினால் பிள்ளைகளுக்கு என்ன பிரயோசனம்?’ என்றும், ‘இந்தப் புள்ளிவிவரத்தை மூன்றாவது முறையாக ஏன் கேட்கிறார்கள்?’ என்றும் முன்பெல்லாம் எழுந்து கேட்டு என்னைத் திணறவைத்த ஓர் அம்மையார், அதன்பிறகு ஓய்வு பெறும்வரையில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேள்வி கேட்காத உபாத்தியாயர் வகுப்பில் கேள்வியை வரவேற்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? தம் நாக்கைக் கட்டிக்கொண்டவர், தமக்கே தெரியாமல், முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் நாக்கையும் கட்டுகிறார்.

இனி, 2011ஆம் வருஷத்து விஷயம். அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும். முந்தைய வருஷம் முதல் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் வந்துவிட்ட, மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் அனைத்துக்கும் பொதுவான சமச்சீர்க் கல்விப் புத்தகங்கள், அவ்வருஷம் மற்ற வகுப்புகளுக்கும் அச்சாகி வந்திருந்தன. மே மாதத்தில் ஆட்சி மாறியதும் அவை நிறுத்தி வைக்கப்பட்டன. சட்டசபையில் திருத்தம், ஹைகோர்ட்டில் தடை, சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் என்று விவகாரம் போய்க்கொண்டிருக்க, ஜூன் 15ஆம் தேதி பள்ளிக்கூடங்கள் திறந்தன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெறும் பையோடு வந்தார்கள். எந்தப் பாடத்திட்டம் என்றே தெரியாத நிலையில் நாங்கள் பொதுவான இலக்கணத்தையும் பழைய கணக்குகளையும் தேசப்படத்தையும் வைத்துக்கொண்டு நாட்களைத் தள்ளினோம். ஆகஸ்டு 9ஆம் தேதி, பத்து நாட்களுக்குள் சமச்சீர்க் கல்வியை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தபிறகே புத்தகங்கள் பிள்ளைகளின் கைக்கு வந்தன. பொதுப் பரீட்சை எழுதவேண்டிய பிள்ளைகளின் வருஷத்தில் இரண்டு மாதம் போயிற்று.

அந்தப் புத்தகங்களில், முந்தைய ஆட்சியை ஞாபகப்படுத்தும் பகுதிகளை மறைக்கவேண்டும் என்று இன்ன வகுப்பு, இன்ன பக்கம், இன்ன வரி என்ற பட்டியல் வந்தது. உபாத்தியாயர்கள் பசையும் கத்தரித்த காகிதமுமாக உட்கார்ந்து ஒட்டினார்கள். பட்டியலில் கண்டதை மட்டும் ஒட்டியிருந்தால் சில பக்கங்களோடு முடிந்திருக்கும். ஆனால் பயத்தின் சுபாவம் உத்தரவோடு நிற்பதில்லை. ‘இந்தப் படத்தில் உள்ள சூரியனை யாராவது வேறு அர்த்தம் செய்தால்?’ என்று ஒருவர் கேட்டார். பக்கத்துப் பள்ளி ஒன்றில் பட்டியலில் இல்லாத ஒரு பாடத்தையே கிழித்துவிட்டதாக ஒருவர் செய்தி கொண்டுவந்தார். உடனே நாமும் கிழித்துவிட்டால் நல்லது என்று இருவர் சொன்னார்கள். நான் பட்டியலை மேஜையின் மேல் வைத்து, இதில் எழுதியிருப்பதற்கு மேல் ஓர் எழுத்தையும் மறைக்கக் கூடாது என்றும், யாராவது அதிகாரி மேலும் மறைக்கச் சொன்னால் அதை எழுதிக் கேட்டு வாங்கும் பொறுப்பு என்னுடையது என்றும் சொல்லிவிட்டேன். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை; ஆகவே யாரும் மேலும் ஒட்டவில்லை.

பிள்ளைகளோ, ஒட்டிய பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வாசிக்கத் தொடங்கினார்கள். சிலர் எச்சில் தொட்டுக் காகிதத்தை உரித்தார்கள். புத்தகம் முழுவதிலும் அவர்கள் அவ்வளவு ஆவலோடு படித்த பகுதி வேறொன்றும் இல்லை. ஒரு சின்னப் பெண், “சார், இது தப்பா சார்? தப்புன்னா ஏன் அச்சடிச்சாங்க? தப்பில்லைன்னா ஏன் ஒட்டினாங்க?” என்று கேட்டாள். ‘தப்பில்லை அம்மா; பெரியவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு உன் புத்தகத்தில் ஒட்டினார்கள்’ என்று நேராகவே சொன்னேன். அச்சிட்ட புத்தகத்தில் இருப்பது உண்மை என்று நம்பி, எழுதப் படிக்கத் தெரியாத தாய் தகப்பன்மார் பிள்ளையை நம்மிடம் அனுப்புகிறார்கள். ஆட்சி மாறினால் புத்தகமும் மாறும் என்று அந்தப் பிள்ளை பதினோரு வயதில் கற்றுக்கொண்டால், பிறகு பூகோளமோ விஞ்ஞானமோ எதை அதன்முன் வைத்தாலும், இது யார் சொன்னது, அவர் எந்தப் பக்கத்து ஆள் என்றே அது கேட்கும்.

இன்னொரு பயம் இருக்கிறது. அது கோட்டையிலிருந்து வருவதன்று, ஊருக்குள்ளேயே இருப்பது. 1995ஆம் வருஷம் முதல் தென் மாவட்டங்களில் ஜாதிக் கலவரங்கள் நடந்த வருஷங்களில், எங்கள் பள்ளியில் சில நாட்கள் ஒரு தெருப் பிள்ளைகளும் சில நாட்கள் மற்றொரு தெருப் பிள்ளைகளும் வராமல் இருந்தார்கள். பிள்ளைகளின் மணிக்கட்டில் ஜாதிக்கு ஒரு வர்ணமாகக் கயிறு ஏறியது பிற்பாடு. கழற்றச் சொன்ன உபாத்தியாயரைத் தேடிச் சாயங்காலம் நாலு பேர் வருவார்கள். அந்த நாலு பேருக்குப் பின்னால் ஒரு கட்சிக்காரர் இருப்பார். அவருக்குப் பின்னால் ஓட்டுக் கணக்கு இருக்கும். நான் ஓய்வு பெற்றபின், 2019ஆம் வருஷம், இத்தகைய கயிறுகளைத் தடுக்கும்படி பள்ளிக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியவுடன், அது தமக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது என்று அமைச்சரே கூறினார். அமைச்சர் பின்வாங்கும் இடத்தில் ஒரு கிராமத்துத் தலைமையாசிரியர் எவ்வாறு முன்னே நிற்பார்? 2023ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை, அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டிய செய்தியை வாசித்தபோது, எனக்கு அந்தச் சுற்றறிக்கைதான் நினைவுக்கு வந்தது.

எல்லா ஜாதிப் பிள்ளைகளும், எல்லாக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பலகையில் உட்காரும் இடம் எங்கள் ஊர்களில் அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். வெள்ளம் வந்தால் தங்கும் இடமும் அதுவே, ஓட்டுப் போடும் இடமும் அதுவே. அதனாலேயே அதனைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வோர் அதிகாரமும் விரும்புகிறது. முன்னாட்களில் உபாத்தியாயருக்கு ஓர் அநியாயம் நேர்ந்தால் ஊரில் நாலு பெரியவர்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கேட்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அதே பள்ளியில் படித்தார்கள். அப்படிக் கேட்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் இப்பொழுது வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். மிஞ்சியிருப்பவர்கள் தினக் கூலிக்குப் போகிறவர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யாரிடம் போய் என்ன கேட்பார்கள்? உபாத்தியாயரின் பயம் வளர்ந்ததற்கு அதிகாரம் மட்டும் காரணமன்று. அவருக்குப் பின்னால் நின்ற ஊர் விலகிப்போனதும் காரணம்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் சிலர் என்னைப் பார்க்க வருவதுண்டு. அவர்களிடம் நான் வீரம் பேசுவதில்லை. வாய்மொழியாக வரும் உத்தரவை, நாள், நேரம், சொன்னவரின் பதவி ஆகியவற்றோடு அன்றைக்கே எழுதி வையுங்கள். ‘தாங்கள் தொலைபேசியில் கூறியபடி’ என்று தொடங்கி, மரியாதையாக ஒரு கடிதம் அனுப்புங்கள். பத்தில் எட்டு உத்தரவுகள் அந்தக் கடிதத்தைக் கண்டதும் மறைந்துபோகும் என்று சொல்கிறேன். நடத்தை விதிகளை முழுவதும் படியுங்கள் என்கிறேன். அவை தடுப்பதாக நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பவற்றில் பாதியை அவை தடுக்கவில்லை. பாடத்தில் உள்ள உண்மையைப் பிள்ளைக்குச் சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசாங்கப் பள்ளியிலும் அமைக்கப்படும் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். வருஷத்தின் நடுவில் உங்கள் பிள்ளையின் உபாத்தியாயர் மாற்றப்பட்டால், ஏன் மாற்றினீர்கள், அந்த இடத்துக்கு யார், எந்தத் தேதியில் வருகிறார் என்று எழுத்து மூலமாகக் கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள்.